மாடல் குதிரைகளை இன அமைப்பைப் பார்த்து மதிப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடல் குதிரை சேகரிப்பவர்கள் கொஞ்ச நாளில் போட்டிப் பக்கம் எட்டிப்பார்க்கத் தொடங்குவார்கள். அங்கே போனதும் வரும் முதல் ஆதங்கம், "என் குதிரை எவ்வளவு அழகு, அதற்கு ஏன் ஒரு பரிசு ரிப்பன்கூடக் கிடைக்கவில்லை?" என்பது. பெரும்பாலும் காரணம் இனப்பிரிவு மதிப்பீட்டில் இருக்கிறது. இது குறித்து என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். அமெரிக்காவில் உருவாகி வளர்ந்த போட்டி முறையை வைத்தே பேசுகிறேன்.

பொம்மைக் குதிரைக்கு அழகுப் போட்டியா? யார் நடத்துகிறார்கள்?

ஆமாம், பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 1950இல் பிரையர் நிறுவனம் ஒரு கடிகாரத்துக்கு அலங்காரமாகச் செய்த பிளாஸ்டிக் குதிரையிலிருந்து இந்த மோகம் கிளம்பியது. கடிகாரத்தை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் கேட்டார்கள் மக்கள். இன்று கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் உள்ள குதிரைப் பூங்காவில் ஒவ்வொரு ஜூலையிலும் பிரையர்ஃபெஸ்ட் என்ற திருவிழா நடக்கிறது, தொடங்கியது 1990இல். ஊர் ஊராக நடக்கும் போட்டிகளுக்கு வட அமெரிக்க மாடல் குதிரைப் போட்டிச் சங்கம் (சுருக்கமாக நாம்ஸா) அங்கீகாரம் தருகிறது. அதன் அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஒரு வகுப்பில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் குதிரைகளுக்குத் தகுதி அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டை இருந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம்.

குதிரைகளைத் தயாரிப்பை வைத்து முதலில் பிரிப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பவை ஒரு பிரிவு. வெட்டி ஒட்டி மறுபடி வண்ணம் பூசிய கஸ்டம் குதிரைகள் ஒரு பிரிவு. சிற்பி செய்து ரெசினில் வார்த்தவை ஒரு பிரிவு. பீங்கான் ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இன வகுப்புகள் வரும்: அரபு, தரோபிரெட், குவார்ட்டர் ஹார்ஸ், மார்கன், பாரவண்டிக் குதிரைகள், போனிகள் என்று. இங்கே பேசப்போவது இந்த இன வகுப்புகளைப் பற்றித்தான்.

என் குதிரை எந்த இனம் என்று யார் முடிவு செய்வது? பெட்டியில் போட்டிருக்கிறதே, அதுதானா?

நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். புதிதாக வருபவர்கள் தவறவிடும் விஷயம் இதுதான்.

பெட்டியில் இருக்கும் பெயர் விற்பனைக்கானது. குதிரையின் காலில் நீங்கள் கட்டும் சிறு அட்டையில் என்ன இனம் எழுதுகிறீர்களோ, அந்த இனமாகவே நடுவர் அதைப் பார்ப்பார். 'இது ஒரு மார்கன்' என்று எழுதினால், அது நீங்கள் முன்வைக்கும் வாதம். அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியது அந்தச் சிலை. வாதத்துக்கும் சாட்சிக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வேலைப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பின்வரிசைதான்.

பிரையரின் 'அடியோஸ்' அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அடியோஸ் என்பது உண்மையில் இருந்த ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரை. வண்டிப் பந்தயக் குதிரைகளின் பேர்பெற்ற தகப்பன். அந்த அச்சிலேயே பின்னாளில் 'யெல்லோ மவுன்ட்' என்ற பெயின்ட் (வெள்ளைத் திட்டு கொண்ட இனம்) குதிரையையும் வெளியிட்டார்கள், குவார்ட்டர் ஹார்ஸாகவும் வெளியிட்டார்கள். ஒரே உடம்பு, வண்ணம் மட்டும் வேறு. நிறுவனமே அப்படிச் செய்யும்போது, உங்கள் கையில் இருக்கும் குதிரையின் உடம்பு எந்த இனத்துக்கு நெருக்கம் என்று நீங்களே யோசிக்கலாம், யோசிக்கவும் வேண்டும். அடுத்த வகுப்புக்கு மாற்றிய ஒரே காரணத்தால் முன்னுக்கு வந்த குதிரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடுவர் மேசைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறார்?

நான் முதலில் காலைப் பார்ப்பேன். எல்லா நடுவரும் அதே வரிசையில் போவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் 'இந்தப் பிராணிக்கு உயிர் வந்தால் நொண்டாமல் நடக்குமா?' என்ற கேள்வியை எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் கேட்டே ஆக வேண்டும். இனம் பார்ப்பது அதற்கப்புறம்.

பக்கவாட்டில் குனிந்து, கண்ணைக் குதிரையின் விலா மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முன்காலுக்குத் தோள்பட்டை எலும்பின் நடுவிலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூல் காலின் நடுவாக இறங்கிக் குதிகாலுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொட வேண்டும். முன்கால் மூட்டு நூலுக்கு முன்னே துருத்தினாலும் குறை, பின்னே வளைந்தாலும் குறை. பின்னே வளைவது இன்னும் மோசம். பின்னங்காலுக்குப் பிட்டத்தின் கடைக்கோடி எலும்பிலிருந்து நூல் விடுங்கள். அது நடுமூட்டின் பின்முனையைத் தொட்டுக்கொண்டே கீழ்க்காலின் பின்புறமாக இறங்க வேண்டும். மூட்டு அளவுக்கு மேல் மடங்கி கால் உடலுக்கடியில் நுழைந்திருந்தால் அரிவாள் கால். மடிப்பே இல்லாமல் நட்டுவைத்த கம்பமாக நின்றால் அதுவும் குறைதான்.

பிறகு பின்னாலிருந்து பாருங்கள். நடுமூட்டுகள் ஒன்றையொன்று நெருங்கி, குளம்புகள் வெளியே திரும்பியிருந்தால் மாட்டுக்கால் என்பார்கள். லேசாக இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாரவண்டி இனங்களில் பின்னங்கால் மூட்டு நெருங்கி இருப்பதை விரும்பவே செய்கிறார்கள்.

குளம்பை மறக்காதீர்கள். குளம்பின் முன்சுவரும் அதற்கு மேலே சாய்ந்திருக்கும் கணுவும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். மாடல்களில் அடிக்கடி காணும் பிழை இந்தக் கோடு நடுவில் உடைவதுதான். கணு ஒரு சாய்வில் இருக்கும், குளம்பு செங்குத்தாக நிற்கும். மேசையில் நிலையாக நிற்க வேண்டுமே என்று அச்சுச் செய்தவர் குளம்பைச் சற்று அகலமாக்கியிருப்பார். அது புரிகிறது, ஆனாலும் மதிப்பெண் குறையும்.

அடுத்தது விகிதம். தோள்மேட்டு உயரம் தலையின் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருக்கும். ஒரு காகிதத் துண்டில் தலை நீளத்தைக் குறித்துக்கொண்டு அளந்து பார்த்தாலே, உங்கள் அலமாரியில் எத்தனை குதிரைக்குத் தலை பெருத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஓடுகிற நிலையில் இருக்கும் குதிரைக்கும் இதே கணக்கா?

கணக்கு கொஞ்சம் கூடுதல். நிற்கும் குதிரைக்கு எலும்பு மட்டும் சரியாக இருந்தால் போதும். ஓடும் குதிரைக்கு நடையும் சரியாக இருக்க வேண்டும்.

டிராட் நடையில் மூலைவிட்டக் கால்கள் சேர்ந்து நகரும்: இடது முன்கால், வலது பின்கால். பேஸ் நடையில் ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து நகரும். இடது முன்காலை முன்வைத்துக் கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல் ஓடும் குதிரையில் வலது பின்கால் முதலில் ஊன்றும், பிறகு இடது பின்காலும் வலது முன்காலும் ஒன்றாக, கடைசியில் இடது முன்கால். இந்த வரிசையில் ஏதோ ஒரு கணத்தைச் சிற்பி உறைய வைத்திருக்கிறார். அது எந்தக் கணம் என்று நடுவரால் சொல்ல முடிய வேண்டும். எந்தக் கணத்துக்கும் பொருந்தாத கால் அமைப்போடு வரும் சிற்பங்கள் உண்டு. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு குதிரையால் ஓடவே முடியாது.

இனம் இங்கேயும் குறுக்கிடும். பேஸ் நடையில் இருக்கும் சிலைக்கு ஸ்டாண்டர்ட்பிரெட் என்று எழுதினால் பொருத்தம்; அரபு என்று எழுதினால் நடுவரின் புருவம் உயரும். ஐஸ்லாந்துக் குதிரைக்கு டோல்ட் என்று ஒரு நடை உண்டு. நான்கு கால்களும் தனித்தனியாக ஊன்றும், எப்போதும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்கும், முதுகு குலுங்காது. டோல்ட் நடையில் சரியாகச் செதுக்கிய குதிரை ஐஸ்லாந்து வகுப்பில் வந்தால் நான் இன்னொரு முறை குனிந்து பார்ப்பேன்.

இனக்குணம் என்கிறார்களே, அது என்ன?

எந்தக் குதிரைக்கும் பொதுவான நல்ல உடம்பு வேறு, ஓர் இனத்துக்கே உரிய சாயல் வேறு. இரண்டாவதைத்தான் இனக்குணம் என்கிறோம். ஒவ்வோர் இனமும் ஒரு வேலைக்காக, ஒரு நிலத்தில் உருவானது. உடம்பு அந்த வேலையின் வடிவத்தில் இருக்கும்.

குவார்ட்டர் ஹார்ஸ் என்ற பெயரே கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் பாய்ச்சல் ஓட்டத்திலிருந்து வந்தது. அதனால் பின்பக்கம் திரண்டு கனத்திருக்கும், மார்பு அகலம், தாடை கனம், கழுத்தை ரொம்ப உயர்த்தாது. மாட்டை மடக்கவும் அந்த உடம்பு தோதானது. தரோபிரெட் நீண்ட தூரம் ஓட வேண்டியது. அதற்கு நீண்ட சாய்வான தோள், ஆழமான நெஞ்சுக்கூடு, நீளமான கால்கள், நேரான முகம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழம்ப வாய்ப்பில்லை. ஆனால் நடைமுறையில் நடுவில் நிற்கும் சிலைகள்தான் அதிகம் வரும்: பின்பக்கம் குவார்ட்டர், முன்பக்கம் தரோபிரெட். ஓட்டத்துக்காக வளர்க்கும் குவார்ட்டர் ஹார்ஸ்களில் தரோபிரெட் இரத்தம் நிறையக் கலந்திருப்பதால் அப்படியும் நிஜத்தில் உண்டு. அதை அட்டையில் 'பந்தய வகை' என்று குறிப்பிட்டால் நடுவருக்கு உதவியாக இருக்கும்.

அரபுக் குதிரையில் கண்ணில் படுவது முகம். நெற்றி புடைத்து, மூக்குத்தண்டு உள்வாங்கி, மூக்கு நுனி சிறுத்திருக்கும். கண் பெரியது, சற்றுத் தாழ்ந்த இடத்தில் அமைந்தது. ஆனால் முகத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் ஏமாறுவார்கள். முதுகு குட்டையா, பின்தட்டு (இடுப்பிலிருந்து வால் வரையான மேற்பகுதி) ஏறக்குறைய சமதளமா, வால் உயர்ந்த இடத்திலிருந்து புறப்படுகிறதா என்பவையும் சேர்ந்ததுதான் அரபு. முகம் மட்டும் அரபாக, பின்பக்கம் சரிந்து வால் தாழ்ந்து இருக்கும் சிலைகள் ஏராளம்.

மார்கன் இனம் முழுவதும் வெர்மான்ட்டில் வாழ்ந்த, 1789இல் பிறந்த 'ஃபிகர்' என்ற ஒரே பொலிகுதிரையின் வம்சம். குறுக்கமான, கட்டுமஸ்தான உடம்பு. கழுத்து தோளிலிருந்து நிமிர்ந்து எழும். அளவில் சின்னதாக இருந்தாலும் வலுவைக் காட்ட வேண்டும். மெலிந்த மார்கன் என்னைக் கவர்ந்ததில்லை.

பாரவண்டி இனங்களை 'பெரிய குதிரை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். கிளைட்ஸ்டேல், ஷயர் இரண்டுக்கும் கணுவுக்குக் கீழே மயிர்க்கற்றை அடர்ந்து தொங்கும். பெர்ஷரான், சஃபோக் பஞ்ச் இரண்டுக்கும் கால் ஏறக்குறைய மொழுமொழுவென்று இருக்கும். மயிர்க்கற்றை செதுக்கிய சிலையை பெர்ஷரான் என்று எழுதிக் கொண்டுவந்தால் உடம்பைப் பார்ப்பதற்கு முன்பே விஷயம் முடிந்துபோகும்.

ஒரு இனத்தில் குறை, இன்னொரு இனத்தில் குணம் என்று ஆகுமா?

ஆகும். நம் நாட்டு மார்வாரிக் குதிரையே சான்று. தோள் சாய்வாக இருக்க வேண்டும் என்பது மேல்நாட்டுச் சவாரி இனங்களுக்கான பொது விதி. ராஜஸ்தானத்து மணலில் நடந்து பழகிய மார்வாரிக்குத் தோள் சற்று நிமிர்ந்தே இருக்கும். மணலில் புதையும் காலை மேலே எடுக்க அது உதவுகிறது. மார்வாரியை தரோபிரெட் அளவுகோலால் அளந்து 'நிமிர்ந்த தோள், குறை' என்று எழுதும் நடுவர் அந்த இனத்தைப் படிக்காதவர்.

இதனால்தான் அரிய இனங்களுக்கு ஒரு குறிப்பு அட்டை வைப்பது வழக்கம். கையகலத் தாள் போதும்: இனத்தின் பெயர், பிறப்பிடம், உயரம், அனுமதிக்கப்பட்ட நிறங்கள், தனி அடையாளங்கள், ஓர் உண்மைக் குதிரையின் படம். மார்வாரிக்கு உள்நோக்கி வளைந்த காதுகளைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அமெரிக்க நடுவர் நேரில் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. காது வார்ப்பில் கோணிவிட்டது என்றே நினைக்கக்கூடும். குஜராத்தின் கத்தியவாரிக்குக் காது நுனிகள் இன்னும் நெருங்கி ஒன்றையொன்று தொடும். பக்கம் பக்கமாக எழுதி வைக்காதீர்கள். மேசையில் வரிசையாக நிற்கும் குதிரைகளை முடித்துவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டிய நடுவர் கட்டுரை படிக்க மாட்டார்.

உடற்கூறு கச்சிதமா, இனக்குணம் தூக்கலா: இரண்டில் எது ஜெயிக்கும்?

நடுவருக்கு நடுவர் மாறும் இடம் இது. என் கட்சியைச் சொல்கிறேன்: நொண்டும் குதிரையை நான் முதலிடத்தில் வைக்க மாட்டேன், அது எவ்வளவு அப்பட்டமான அரபாக இருந்தாலும். ஆனால் இரண்டும் நொண்டாது என்றால், இனம் தெரியாத கச்சிதமான குதிரையைவிட, சிறு குறையோடு இனம் பளிச்சென்று தெரியும் குதிரைக்கே ரிப்பன். வகுப்பின் பெயரே இனத்தின் பெயர்தானே.

ஒரு எச்சரிக்கை. சமீப காலச் சிற்பங்களில் இனக்குணத்தை மிகைப்படுத்தும் பழக்கம் பெருகியிருக்கிறது. அரபின் மூக்குத்தண்டு மூச்சுவிடவே இடமில்லாத அளவுக்குக் குழிந்திருக்கும். குவார்ட்டர் ஹார்ஸின் தசைகள் பலூன்போல் ஊதியிருக்கும். நிஜக் குதிரைக் கண்காட்சிகளிலும் இதே போக்கு இருப்பதால் 'நிஜத்திலேயே இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. அதற்காக நான் பரிசு கொடுக்க வேண்டியதில்லை.

நிறத்துக்கும் இன மதிப்பீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அச்சு சரியாக இருந்தும் வண்ணத்தால் தோற்கும் குதிரைகள் அதிகம்.

முதலில் இனத்தின் நிற விதி. சஃபோக் பஞ்ச் செஸ்ட்நட் மட்டும்தான்: உடம்பும் பிடரியும் செம்பழுப்பு வகைகளிலேயே இருக்கும், கறுப்பு கலக்காது. கிளீவ்லாந்து பே, பெயருக்கேற்ப, பே மட்டும்: பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்புக் கால். ஹாஃப்லிங்கர் என்றால் செஸ்ட்நட் உடம்பும் வெளிர் பிடரியும். ஃப்ரீசியன் கறுப்பு, நெற்றியில் சிறு வெள்ளை வரை பொறுத்துக்கொள்வார்கள். எக்ஸ்மூர் போனிக்கு வெள்ளைக் குறியே கூடாது. மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் மாவு பூசிய வெளிர்மை இருக்க வேண்டும்.

அடுத்தது மரபணு. சுத்த அரபு இனத்தில் நிறத்தை வெளிறச் செய்யும் கிரீம் மரபணு கிடையாது, டன் என்னும் மங்கல் நிறம் கிடையாது, டோபியானோ என்னும் பெருந்திட்டு வெள்ளையும் கிடையாது. எனவே பொன்னுடம்பும் வெள்ளைப் பிடரியும் கொண்ட பாலமினோ அரபு என்று ஒன்று இல்லை. கடையில் அப்படி வண்ணம் பூசிய அழகழகான மாடல்கள் கிடைக்கும். அதை வாங்கியிருந்தால் 'அரபுக் கலப்பு' என்று எழுதிக் கலப்பின வகுப்பில் விடுங்கள். அங்கே அது தாராளமாக ஜெயிக்கலாம். மாறாக அகல்-டேக்கே இனத்தில் கிரீம் உண்டு, உலோகப் பளபளப்பும் உண்டு. மின்னும் பொன்னிறச் சிலை ஒல்லியாகவும் நீண்ட கழுத்தோடும் இருந்தால் துர்க்மேனியா பக்கம் யோசியுங்கள்.

கடைசியாக, பூசிய விதம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் நடுவர்கள் இருக்கிறார்கள். பே குதிரையின் காலில் வெள்ளை சாக்ஸ் இருந்தால் அதன் கீழுள்ள குளம்பு பெரும்பாலும் வெளிர்நிறமாக இருக்கும், வெள்ளை இல்லாத காலில் கருங்குளம்பு. நான்கு குளம்புக்கும் ஒரே சாம்பல் வண்ணம் அடித்துவிட்டுப் போனது தெரிந்துவிடும். அப்பலூசாவுக்கு உடம்பில் புள்ளி மட்டும் போதாது. மூக்கைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாக, குளம்பில் நெடுக்குக் கோடு, கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிய வேண்டும். டன் குதிரைக்கு முதுகில் கருங்கோடு ஓட வேண்டும். டோபியானோவில் வெள்ளை முதுகைக் கடந்து இறங்கும், கால்கள் வெள்ளை, முகம் பெரும்பாலும் கருமை. ஃப்ரேம் என்னும் இன்னொரு வெள்ளைத்திட்டு வகையில் வெள்ளை விலாவோடு நின்றுவிடும், முதுகைக் கடப்பது அரிது, முகத்தில் வெள்ளை அகலமாக இருக்கும். இரண்டையும் தெரியாமல் கலந்து பூசியது ஒரு நொடியில் தெரியும். தெரிந்தே கலந்திருந்தால் அட்டையில் 'இரண்டு மரபணுவும் உண்டு' என்று எழுதுங்கள், அது நிஜத்தில் நடப்பதுதான்.

ஆண், பெண், குட்டி: இதைத் தவறாக எழுதினால்?

ஆண் உறுப்பு செதுக்கிய சிலையை 'பெண் குதிரை' என்று எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. வயிற்றுக்கடியில் ஒரு தடவை பாருங்கள். எதுவும் செதுக்காத பழைய அச்சு என்றால் கழுத்தைப் பாருங்கள்: மேல்விளிம்பு கனத்து வளைந்திருந்தால் பொலிகுதிரை, மெலிதாக இருந்தால் பெண் குதிரை. காயடித்த குதிரை என்று எழுதினால் நடுவில் எதற்கும் இடமுண்டு. குட்டியை, பெரிய குதிரையைச் சுருக்கிய மாதிரி செய்திருந்தால் அது குட்டி ஆகாது. பிறந்த குட்டிக்குக் கால்கள் ஏற்கெனவே வளர்ந்த குதிரையின் கால் நீளத்தை நெருங்கியிருக்கும், உடம்பு குறுகலாக இருக்கும், நெற்றி உருண்டு, வால் குட்டையாகச் சுருண்டு இருக்கும்.

அளவு முக்கியமா? என்னிடம் இருப்பது உள்ளங்கைக் குதிரைதான்.

முக்கியமில்லை. பிரையரில் 'டிரெடிஷனல்' 1:9, 'கிளாசிக்' 1:12, 'ஸ்டேபிள்மேட்' 1:32. பெரும்பாலான போட்டிகளில் சின்னவற்றுக்குத் தனிப் பிரிவு இருக்கும். 152 செ.மீ. உயரக் குதிரை 1:9இல் சுமார் 17 செ.மீ. வரும் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். நடுவர் அளவுகோல் வைத்து உயரம் அளப்பதில்லை. விகிதம்தான் முக்கியம். ஷெட்லாந்து போனி என்றால் கால் குட்டை, விலா உருண்டை, எலும்பு கனம்.

எங்கள் வீட்டில் 1970களின் பழைய பிரையர் இருக்கிறது. இன வகுப்பில் விடலாமா?

விடலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பிரையரின் சிற்பி கிறிஸ் ஹெஸ் செதுக்கிய பல பழைய அச்சுகளில் குணமும் உயிர்ப்பும் நிறைய உண்டு, ஆனால் இன்றைய உடற்கூறுக் கண்டிப்புக்கு அவை ஈடுகொடுக்காது. பழையவற்றுக்கு அரிய பதிப்பு, நிலை ஆகியவற்றைப் பார்க்கும் சேகரிப்பு வகுப்பு தனியாக இருக்கிறது. 1960களில் வந்த நீல நிறக் குதிரைகளும் பொன்புள்ளிக் குதிரைகளும் அங்கே ராஜா. இன வகுப்பில் நீலக் குதிரைக்கு இனம் ஏது?

கீறல், தையல் கோடு, வண்ணம் உரிந்தது: இவையெல்லாம் கணக்கில் வருமா?

வரும், ஆனால் பின்னால். ஒரே தரத்தில் இரண்டு குதிரை நின்றால் சுத்தமானது முன்னே. அச்சின் இரு பாதியும் சேரும் கோடு தெரிந்தால் கஸ்டம் பிரிவில் கடுமையாக வெட்டுவார்கள், தொழிற்சாலைப் பிரிவில் கொஞ்சம் பொறுப்பார்கள்.

நம்மூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று: சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பிரையரின் செல்லுலோஸ் அசிடேட்டும் ரெசினும் சூட்டில் இளகும். மெல்லிய கால் மெதுவாக வளைந்துவிடும். வளைந்த காலை நடுவர் பொருள் சேதமாகப் பார்க்க மாட்டார், கால் அமைப்புக் குறையாகவே பார்ப்பார்.

நேரில் போக முடியாது, புகைப்படப் போட்டிதான் வழி. எப்படி எடுப்பது?

இந்தியாவிலிருந்து கலந்துகொள்பவர்கள் பெரும்பாலோர் இந்த வழியில்தான் வருகிறார்கள். நடுவர் உங்கள் குதிரையைப் பார்ப்பதில்லை, உங்கள் படத்தைத்தான் பார்க்கிறார். படம் உடற்கூறை மாற்றிக்காட்டும்.

கைபேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுத்தால் அருகில் இருக்கும் பகுதி பெருக்கும், தூரத்தில் இருப்பது சுருங்கும். தலை உங்கள் பக்கம் சற்றுத் திரும்பியிருந்தால் குவார்ட்டர் ஹார்ஸுக்கு எருமைத் தலை வந்துவிடும். கைபேசியை நான்கைந்து அடி பின்னே கொண்டுபோய், இரண்டு மூன்று மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். லென்ஸ் குதிரையின் வயிற்று மட்டத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகும், கீழிருந்து எடுத்தால் வீரச் சிலை மாதிரி இருக்கும், ஆனால் முதுகுக்கோடு மறையும். முழுப் பக்கவாட்டு நிலையே இன வகுப்புக்குப் பாதுகாப்பு. நான்கு காலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஒன்றின் பின்னே ஒன்று ஒளியக் கூடாது. சில சிலைகளுக்கு இடப்பக்கம் நன்றாக இருக்கும், சிலவற்றுக்கு வலப்பக்கம். பிடரி எந்தப் பக்கம் விழுந்து கழுத்துக்கோட்டை மறைக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பின்னணியில் புல்லும் வானமும் வைத்தால் அளவு சரியாக இருக்க வேண்டும். குளம்பு உயரத்துக்கு நிற்கும் மல்லிகை இலை மாயத்தைக் கெடுத்துவிடும்.

நிறத்தைத் திருத்தாதீர்கள். வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். கறுப்புக் குதிரையை மதிய வெயிலில் எடுத்தால் பழுப்பாகத் தெரியும். ஃப்ரீசியன் வகுப்பில் அது வீண் சந்தேகம். காலையிலோ நிழலிலோ எடுங்கள்.

கண்ணைப் பழக்க என்ன செய்யலாம்?

மாடல்களைப் பார்த்து மாடல் மதிப்பிடக் கற்றுக்கொள்ளாதீர்கள். சிற்பிகள் ஒருவரையொருவர் பார்த்துச் செய்யும் பிழைகள் உங்கள் கண்ணுக்கும் தொற்றிவிடும். நிஜக் குதிரை பாருங்கள். குதிரைப் பந்தயத் திடல் ஒன்றில் பந்தய நாளில் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்துக்கருகே நின்றால் தரோபிரெட் உடம்பு ஒரு மணி நேரத்தில் மனதில் பதியும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் வரும். அங்கே விற்பவர்கள் சுழி பார்த்து ராசி சொல்வார்கள். நீங்கள் காதையும் தோளையும் காலையும் பாருங்கள். அனுமதி கேட்டுப் பின்னாலிருந்து நான்கு படம், பக்கவாட்டில் நான்கு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அரிய இனக் குறிப்பு அட்டைக்கும் ஆயிற்று.

அடுத்தபடி, வெவ்வேறு இனங்களின் படங்களை எடுத்துத் தலையை மறைத்துவிட்டு இனத்தைச் சொல்ல முயலுங்கள். பெரும்பாலோர் முகத்தைப் பார்த்தே இனம் சொல்வார்கள். முகம் இல்லாமல் முதுகையும் பின்தட்டையும் பார்த்துச் சொல்ல வரும்போது உங்களுக்கு நடுவர் கண் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. நடுவரிடம் கேட்கலாமா?

கேட்கலாம். வகுப்பு முடிந்த பிறகு, அவர் கையில் குறிப்பேடு இல்லாத நேரமாகப் பார்த்து. "ஏன் கொடுக்கவில்லை?" என்று தொடங்காமல், "இந்தக் குதிரையை நீங்கள் எந்த இனத்தில் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். நிறைய நடுவர்கள் உற்சாகமாகப் பதில் சொல்வார்கள், காலில் கட்டிய அட்டையைத் திருப்பிப் பார்த்து இன்னொரு பெயரையும் சொல்வார்கள். மற்றவர் குதிரையை மட்டும் தொட்டுக் காட்டிப் பேசாதீர்கள்; உரிமையாளர் அனுமதி இல்லாமல் யாரும் தொடுவதில்லை. புகைப்படப் போட்டி என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். அடுத்த முறை அதே குதிரையை வேறு நடுவரிடம், வேறு இனப் பெயரோடு அனுப்பிப் பாருங்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை.